ஹெட்செட்டுக்குள் ஓர் அருங்காட்சியகம்: அசல் என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது?

லியோனார்டோ டா வின்சி மறைந்து 500 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2019 அக்டோபரில் பாரீஸின் லூவர் அருங்காட்சியகம் ஒரு பெரிய கண்காட்சியைத் தொடங்கியது. 2020 பிப்ரவரி வரை நடந்த அதற்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஆனால் மோனா லிசா அந்தக் கூடத்தில் இல்லை. அதைப் பார்க்க வரும் கூட்டத்தை அந்த இடம் தாங்காது என்று மாடியில் அதன் வழக்கமான அறையிலேயே விட்டுவிட்டார்கள். கண்காட்சியில் அதன் சார்பாக இருந்தது ஒரு மெய்நிகர் (வி.ஆர்.) காட்சி. கண்ணை முழுதும் மறைத்து உள்ளே படம் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணாடித் தடுப்பில்லாமல், நெரிசலில்லாமல் சில நிமிடங்கள் மோனா லிசாவோடு இருக்கலாம். ஓவியத்தில் இருக்கும் பெண் உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

மாடியில் நிலைமை வேறு. 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சின்ன மரப்பலகை அது. குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னே தடுப்பு, அதற்கும் முன்னே தூக்கிப் பிடித்த செல்போன்கள். ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

ஹெட்செட்டில் பார்த்தவர், மாடிக்குப் போனவர் இருவரில் மோனா லிசாவை உண்மையாகப் பார்த்தவர் யார்? மாடிக்குப் போனவர்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. ஹெட்செட்டில் பார்த்தவருக்கு நேரமும் கிடைத்தது, நெருக்கமும் கிடைத்தது. மாடிக்குப் போனவருக்குக் கிடைத்தது முன்னால் நின்றவரின் பின்மண்டையாகக்கூட இருக்கலாம். அப்படியிருந்தும் அவர்தான் அசலைப் பார்த்தார் என்கிறோம் என்றால், ‘அசல்’ என்று நாம் சொல்வது கண்ணுக்குக் கிடைக்கும் காட்சியை மட்டும் அல்ல.

அருங்காட்சியகம் போகிறவர் ‘அசல்’ என்று சொல்லும்போது அதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் கலந்திருக்கின்றன. இது அந்தப் பொருளேதானா? இது அன்று இப்படித்தான் இருந்ததா? இங்கே எனக்கு நேர்வது உண்மையான அனுபவமா? மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மெய்நிகர் காட்சிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘நல்லதா கெட்டதா’ என்ற வாக்குவாதமாக முடிந்துவிடுகிறது.

இது அந்தப் பொருளேதானா?

கைதேர்ந்த ஆசாரி ஒருவர் உங்கள் பாட்டியின் மூக்குத்தியைப் பார்த்து, அதே எடைத் தங்கத்தில், அதே கல் வைத்து, தேய்மானம் உட்பட அச்சு அசலாக இன்னொன்று செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினால் எதை எடுப்பீர்கள்? பாட்டி போட்டிருந்ததைத்தான். எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாவிட்டாலும், ‘பாட்டியோடது எது?’ என்று கேட்டுத்தான் எடுப்போம்.

இது வளர்ந்தவர்களின் வெறும் ஏக்கம் இல்லை. உளவியலாளர்கள் ப்ரூஸ் ஹூட்டும் பால் ப்ளூமும் 2008-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். எந்தப் பொருளையும் அப்படியே நகலெடுக்கும் இயந்திரம் என்று சொல்லி இரண்டு பெட்டிகளைக் காட்டினார்கள். இரவில் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைக் கொண்டுவந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் பழைய பொம்மையையே திரும்பக் கேட்டார்கள். சில பிள்ளைகள் பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. ஒரு பொருள் கடந்துவந்த வாழ்க்கை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை நகலெடுக்க முடியாது என்ற எண்ணம் பள்ளிக்கூடம் போகும் முன்பே நமக்குள் வந்துவிடுகிறது.

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930-களில் இதைப் பற்றித்தான் எழுதினார். ஒரு கலைப்படைப்பு உலகில் ஒரே ஓரிடத்தில் இருக்கிறது, தன் காலத்தின் தழும்புகளைச் சுமக்கிறது. அதனால் அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் இருக்கிறது. புகைப்படமும் சினிமாவும் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளும் காலத்தில் அந்த ஒளிவட்டம் வாடிப்போகிறது என்றார். அவர் இதை வெறும் இழப்பாகப் பார்க்கவில்லை. கலை பலரின் கைக்கு வருவதில் ஒரு விடுதலையையும் கண்டார். ஆனால் மோனா லிசா விஷயத்தில் நடந்தது வேறு. 1911-ல் அது திருடுபோனபோது, அது தொங்கியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்க மக்கள் வந்தார்கள். பத்திரிகைகள் அச்சிட்ட நகல்கள் பெருகப் பெருக, அசலைத் தேடிவரும் கூட்டமும் பெருகியது. நகல் வந்தால் அசலின் மதிப்பு போய்விடும் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முதல் கேள்வியைப் பொறுத்தவரை மெய்நிகர் காட்சிக்குக் கிடைக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். திரையின் கூர்மை எவ்வளவு ஏறினாலும் இது மாறாது. லியோனார்டோ தொட்ட மரம் அந்த ஒன்றுதான்.

இது இப்படித்தான் இருந்ததா?

மோனா லிசா அறையிலேயே, அதற்கு நேர் எதிர்ச் சுவரில், ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அகலமும் உள்ள ஓர் ஓவியம் இருக்கிறது. இத்தாலிய ஓவியர் வெரோனேசே 1563-ல் வரைந்து முடித்தது அது; பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண விருந்தைக் காட்டுவது. வெனிஸில் சான் ஜார்ஜோ மஜ்ஜோரே மடத்துத் துறவிகள் சாப்பிடும் கூடத்தின் சுவருக்காக வரையப்பட்டது. துறவிகள் உண்ணும்போது எதிரே ஒரு விருந்து நடக்கும், அந்தக் கட்டடத்தின் தூண்கள் ஓவியத்துக்குள்ளும் நீள்வது போலத் தோன்றும். 1797-ல் நெப்போலியனின் படை அதை வெட்டிச் சுருட்டி பாரீஸுக்குக் கொண்டுபோனது.

2007-ல் ஃபாக்டும் ஆர்ட்டே என்ற நிறுவனம் லூவரில் இருக்கும் ஓவியத்தை ஸ்கேன் செய்து, அசல் அளவிலேயே ஒரு நகலை உருவாக்கி, வெனிஸ் மடத்தின் அதே சுவரில் பொருத்தியது. இப்போது தூரிகை பட்ட துணி பாரீஸில் இருக்கிறது. அந்த ஓவியம் எந்த இடத்துக்காக, எந்த வெளிச்சத்துக்காக, எவ்வளவு உயரத்துக்காகத் தீட்டப்பட்டதோ அதெல்லாம் வெனிஸில் இருக்கிறது. ஒளிவட்டம் அசலிலிருந்து நகலுக்கு இடம்பெயரக்கூடும் என்று இதை வைத்து பிரெஞ்சுச் சிந்தனையாளர் ப்ரூனோ லத்தூரும் ஃபாக்டும் ஆர்ட்டேயின் ஆடம் லோவும் வாதிட்டார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் லூவரில் அந்த ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோனா லிசாவைப் படமெடுக்கும் கூட்டத்தைவிட, வெனிஸில் நகலின் முன் நிற்கிறவருக்கு வெரோனேசே என்ன செய்ய நினைத்தார் என்பது நன்றாகப் புரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மெய்நிகர் காட்சியின் பலம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு வரும் பொருள் எதுவானாலும் தன் இடத்திலிருந்து பிடுங்கப்பட்டுத்தான் வருகிறது. பானை வரும், அடுப்படி வராது. இழந்த அந்த இடத்தைச் சுற்றிலும் எழுப்பிக் காட்ட ஹெட்செட்டால் முடியும்.

உடம்பு எப்படி நம்புகிறது?

ஹெட்செட்டுக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படம் காட்டப்படுகிறது. அதனால் ஆழம் தெரிகிறது. அதைவிட முக்கியம், தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புவது. குனிந்தால் மேசைக்கு அடியில் தெரியும், எட்டினால் மூலையின் மறுபக்கம் தெரியும். தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே சுமார் 20 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் மாயம் கலைந்துவிடும், சிலருக்குத் தலை சுற்றும். 2016-ல் கடைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் கருவிகள் நொடிக்கு 90 படங்கள் காட்டியதற்கு இதுவே காரணம். அதற்குப் பிறகுதான் அருங்காட்சியகங்கள் இதில் பரவலாக இறங்கின.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மெல் ஸ்லேட்டர் 2009-ல் இரண்டு மாயங்களைப் பிரித்துச் சொன்னார். ஒன்று, ‘நான் அங்கே இருக்கிறேன்’ என்ற இட மாயம். மற்றொன்று, ‘இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது’ என்ற நிகழ்வு மாயம். ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நிற்பதாகக் காட்டினால், காலடியில் தட்டைத் தரைதான் என்று தெரிந்தும் இதயம் வேகமாக அடிக்கிறது. அறிவு ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்றை நம்பும்.

தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதில் இருக்கிறது. ‘அங்கே இருக்கிறேன்’ என்று உணர்வதும் ‘இது அசல்’ என்று அறிவதும் ஒன்றல்ல. யாளி வாழும் குகை ஒன்றை உருவாக்கிக் காட்டினாலும் அங்கே இருப்பது போலத்தான் இருக்கும். உணர்வு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை வைத்து, பார்ப்பது எவ்வளவு உண்மை என்று அளக்க முடியாது. ஆனால் வெளியே வருகிறவர்கள் அப்படித்தான் அளக்கிறார்கள்: “அப்படியே அந்தக் காலத்துக்கே போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு!” அந்தக் காலம் அப்படித்தான் இருந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது கேள்வியான அனுபவத்தின் உண்மையைச் சுற்றுலா ஆய்வாளர் நிங் வாங் 1999-ல் தனியாகப் பிரித்துக் காட்டினார். பொருள் அசலா என்பது வேறு. இதை அசல் என்று சமூகம் ஏற்றிருக்கிறதா என்பது வேறு. அந்த இடத்தில் ஒருவர் தன்னை உயிர்ப்போடு, உண்மையாக உணர்கிறாரா என்பது இன்னும் வேறு. இந்த மூன்றாவது உணர்வு நகலின் முன்னும் வரலாம், அசலின் முன்னும் வராமல் போகலாம். ஹெட்செட்டுக்குள் கண் கலங்கியவரிடம் “அது பொய்க் கண்ணீர்” என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வெற்றிடம் விடத் தெரியாத ஊடகம்

பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களை 1940-ல் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 17,000 ஆண்டுப் பழைமை கொண்டவை. 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் விளக்கொளியும் சேர்ந்து சுவரில் பாசி படர ஆரம்பித்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். 1983-ல் குகைக்கு 200 மீட்டர் தள்ளி ஒரு நகல் குகையைத் திறந்தார்கள். 2016-ல் லேசர் ஸ்கேன் உதவியோடு இன்னும் முழுமையான நகல் வந்தது. அசலைக் காப்பாற்ற அசலிடமிருந்தே மக்களை விலக்கிவைக்க வேண்டியிருந்தது. நகல் என்று தெரிந்தேதான் எல்லோரும் போகிறார்கள், அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஸ்கேன் செய்த நகலுக்குப் பின்னால் அளந்து பார்க்க ஓர் அசல் இருக்கிறது.

இன்று இல்லாத ஒன்றை எழுப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் 2017-18-ல் மோதிலியானியின் ஓவியக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. 1920-ல் இறந்த அந்த ஓவியரின் கடைசிப் பட்டறையை மெய்நிகர் காட்சியாக உருவாக்கியிருந்தார்கள். பாரீஸில் அந்த அறை இன்னும் இருக்கிறது என்பதால் சுவரும் சன்னலும் அளக்கக் கிடைத்தன. ஆனால் அறைக்குள் இருந்தவை? அவரை அறிந்தவர்கள் விட்டுப்போன குறிப்புகள், அந்தக் காலத்து நாற்காலிகள், பாட்டில்கள், வண்ணங்கள் பற்றிய அறிவு, ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பேணும் வல்லுநர்கள் அவற்றை ஆராய்ந்து சொன்ன தகவல் என்று சேர்த்துச் சேர்த்துத்தான் அறையை நிரப்பினார்கள். அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் சரிபார்த்த மதிப்புமிக்க வேலை அது.

எழுத்தாளருக்கு ஒரு வசதி உண்டு. “அறையின் மூலையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஓவியர் அந்த மூலையை மங்கலாக விடலாம். ஹெட்செட்டில் அது முடியாது. பார்ப்பவர் தலையைத் திருப்பிவிடுவார், எனவே மூலையில் ஏதாவது இருந்தாக வேண்டும். கூரைக்கு ஒரு நிறம் வேண்டும், துணிக்கு மடிப்பு வேண்டும், சன்னல் வெளிச்சத்துக்கு ஒரு கோணம் வேண்டும். ஆவணத்தில் இருந்ததும் ஊகித்துப் போட்டதும் ஒரே கூர்மையில், ஒரே பளபளப்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மெய்நிகர் காட்சியின் உண்மையான ஆபத்து இது என்று நினைக்கிறேன். ‘போலி’ என்ற குற்றச்சாட்டெல்லாம் இதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம்.

இதைத் துறைக்குள் இருப்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். கணினியால் மரபுச் சின்னங்களைக் காட்சிப்படுத்துவதற்கென்று 2006-ல் லண்டன் சாசனம் என்ற நெறிமுறை உருவானது. எந்தப் பகுதிக்குச் சான்று இருக்கிறது, எது ஊகம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதைப் பதிவுசெய்து பார்ப்பவருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்கிறது அது. தொல்லியலுக்கென்று 2011-ல் வந்த செவில்லா கோட்பாடுகளும் இதையே வலியுறுத்துகின்றன. ஆய்வறிக்கையில் இதைச் செய்வது சுலபம். எட்டு நிமிடக் காட்சியில், மயங்கிப்போய் நிற்கும் ஒருவரிடம், மாயம் கலையாமல் “இந்தச் சுவரின் நிறம் எங்கள் ஊகம்” என்று சொல்வது கடினம். கலைந்தாலும் பரவாயில்லை, சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

வெறுமையே சான்றாக இருக்கும் வீடு

இந்த மூன்று கேள்விகளும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில், தன் அலுவலகத்துக்குப் பின்கட்டில், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, யூதரான ஓட்டோ ஃபிராங்க் தன் மனைவி, இரு மகள்கள், இன்னும் நான்கு பேரோடு நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்தார். இளைய மகள் ஆன் அங்கேதான் தன் நாட்குறிப்பை எழுதினாள். எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டும்.

கைதுக்குப் பிறகு அறைகளில் இருந்த சாமான்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 1960-ல் அந்த வீடு அருங்காட்சியகமானபோது, அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்று ஓட்டோ கேட்டுக்கொண்டார். இன்றும் அப்படியே இருக்கின்றன. சுவரில் ஆன் ஒட்டிய சினிமா நட்சத்திரப் படங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று சுவர்த்தாளில் போட்ட பென்சில் கோடுகள் இருக்கின்றன. வெயில் படாமல், வெளியே போகாமல், அந்த இரண்டு வருடத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கிறாள். நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றத்தைக் குண்டூசி குத்திப் பார்த்துக்கொண்டிருந்த நார்மண்டி வரைபடமும் சுவரில் இருக்கிறது. கட்டில், மேசை, அடுப்பு எதுவும் இல்லை.

2018 ஜூன் 12, ஆன் பிறந்த நாளன்று, அதே பின்கட்டு மெய்நிகர் காட்சியாக வெளிவந்தது. அதில் அறைகள் நிரம்பியிருக்கின்றன. கட்டில்கள், போர்வைகள், ஆன் எழுதிய மேசை எல்லாம் இருக்கின்றன. இங்கே ஊகத்துக்கு நல்ல பிடிமானம் உண்டு. ஆனே 1942 ஜூலை 9 தேதியிட்ட பதிவில் அறைகளின் அமைப்பை வரிசையாக விவரித்திருக்கிறாள். பொருள்கள் எப்படி இருந்தன என்று காட்ட ஓட்டோ பிற்பாடு சிறு மாதிரிகளும் செய்யவைத்தார்.

எது அசல்? காலி அறையைப் பார்த்தவருக்குக் கிடைப்பது அந்தச் சுவர், அந்தக் கோடுகள், அந்தத் தரை. அதோடு, அந்த வெறுமையே ஒரு சான்று. இங்கே இருந்தவர்களைக் கொண்டுபோனதும் அல்லாமல் அவர்கள் பாயைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அது சொல்கிறது. ஆனால் காலியான அறை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். எட்டுப் பேர் கட்டிலும் மேசையுமாக அதற்குள் எப்படி நெருக்கியடித்துக் கிடந்தார்கள் என்பது தெரியாது. சாமான்களை வைத்துக் காட்டியதும் அந்த நெருக்கம் சட்டென்று பிடிபடுகிறது. இரண்டும் உண்மை. ஒன்று 1944 ஆகஸ்ட் 4-க்கு முந்தைய நாள்களின் உண்மை, மற்றொன்று அதற்குப் பிந்தையது.

காட்சி தர முடியாத ஒன்றும் இருக்கிறது. பகலில் கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவர்கள் அடிமேல் அடிவைத்து நடந்தார்கள், தண்ணீர்க் குழாயைத் திறக்கவில்லை. ஒலி அங்கே உயிர்ப் பிரச்சினை. அந்த வீட்டுக்கு நேரில் போகிறவரின் எடை அதே மாடிமேல், அதே படிகள்மேல் விழுகிறது, தன் காலடியே தனக்குக் கேட்கிறது. ஹெட்செட்டுக்குள் எவ்வளவு நடந்தாலும் அந்த மரத்தின்மேல் ஒரு காலும் படாது.

அதே சமயம் அந்தப் படிகள் மிகவும் செங்குத்து. சக்கர நாற்காலியில் வருகிறவரால் பின்கட்டுக்கு ஏறவே முடியாது. அவர்களுக்கு அருங்காட்சியகத்திலேயே இந்தக் காட்சியைக் காட்டுகிறார்கள். அந்த வாசலுக்கு வந்தும் மேலே போக முடியாத ஒருவரிடம் அசலின் மேன்மையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

முதலில் எது?

இரண்டையும் எப்படி அடுக்கலாம் என்பதற்குப் பாரீஸின் ஓர்சே அருங்காட்சியகம் 2024-ல் செய்தது நல்ல உதாரணம். மோனே, ரெனுவார், தெகா முதலான ஓவியர்கள் 1874 ஏப்ரல் 15-ல் புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கூடி நடத்திய கண்காட்சியிலிருந்துதான் அவர்களின் ஓவிய இயக்கத்துக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறந்தது. அதன் 150-ஆம் ஆண்டுக்கு ஓர்சே இரண்டு காரியம் செய்தது. அன்றைய ஓவியங்களைத் திரட்டித் தொங்கவிட்டது, மோனேயின் ‘சூரியோதயம்’ உட்பட. பக்கத்திலேயே, அன்றைய பாரீஸ் தெருவில் நடந்து அந்த ஸ்டூடியோவுக்குள் நுழையும் மெய்நிகர் காட்சியையும் வைத்தது. கூட்டிப்போவது ஒரு கற்பனைப் பாத்திரம். அது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் குழப்பமில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. எரிவாயு விளக்கு வெளிச்சத்தில், மாலையில், ஒரு ஃபிராங்க் கொடுத்து உள்ளே வந்தவர்கள் இந்தப் படங்களை எப்படிப்பட்ட கூடத்தில் பார்த்தார்கள் என்பதை ஹெட்செட் சொன்னது. மோனே ஈரச் சாயத்தின்மேல் ஆரஞ்சு நிறத்தை எவ்வளவு தடிமனாக இழுத்தார் என்பதைத் துணியால்தான் காட்ட முடியும்.

இப்படி இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் ஹெட்செட்டை முதலில் முடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும்போது, எது சான்று எது ஊகம் என்று எங்கேனும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சொல்லவில்லை என்றால் கழற்றியதும் அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள்: “அந்த அறை அப்படித்தான் இருந்ததென்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” இந்தக் கேள்வி அடிக்கடி வந்தால் அடுத்த காட்சியைச் செய்கிறவர்கள் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். கேட்டுவிட்டு ஓவியங்கள் இருக்கும் கூடத்துக்குப் போங்கள், மீதி நேரம் முழுவதையும் அங்கே செலவிடுங்கள். எங்கே தொங்கியது, யார் பார்த்தார்கள் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சுவரில் ஒட்டிய குறிப்பைப் படிப்பதில் நேரம் போகாது.